அறளை என்று சொன்னேன்

கருவாடு சுடும் மணம்…

அயல் வீட்டுக் குசினியிலிருந்து அது வேலி தாண்டி வரும்போதெல்லாம் நான் எழுந்துபோய் யன்னலைச் சாத்துகிறேன். தணலில் உப்புப் பொரிந்து, கொழுப்பு உருகி, கடலையே அடுப்பில் போட்டுச் சுடுவது போன்ற மணம்! ஊரில் எல்லோருக்கும் அதில் பசி எடுக்கும். எனக்கு என் தந்தையின் வீங்கிய பாதங்கள் நினைவுக்கு வருகின்றன.

சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கும் வயதை நான் கடந்துவிட்டேன்.

என் தந்தையின் புத்தி மங்கிக் கிடந்தது. அது தெளியக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். ஒரு மாரிகாலம் முழுவதும் மறைத்தேன். ஏனென்றால், அவர் தெளிவதை நான் விரும்பவில்லை.

இதோ, எழுதிவிட்டேன்! பேனா முறியவில்லை. வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் வழக்கம் போல ஊதுகிறது. இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருடங்கள் வாயைப் பூட்டிக்கொண்டு திரிந்தேன்?

நீங்கள் என்னைக் கொடியவன் என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு கிழவர், பெற்ற மகனே வைத்த பொறியிலிருந்து தன் புத்தியை மீட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அந்த வெற்றியில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் அதைப் பாடாமல் என்னால் இருக்க ஏலாது!

என் தந்தை மூதூர் லோஞ்சின் தண்டையல். திருகோணமலை இறங்குதுறையில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து, மூதூரில் இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பும் லோஞ்சின் சுக்கான் அவர் கையில் இருந்தது. வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நின்ற நாளிலும் அவர் கையில்தான். அவை போன பின்பும் அவர் கையில்தான்.

கடலைத் தவிர அவர் எவரையும் மதித்ததில்லை. வீட்டில் அவர் கதைப்பதே குறைவு. கதைத்தால் கட்டளை. நானோ துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞன். அலுவல் முடிந்தால் வசனமும் அல்லாத, கவிதையும் அல்லாத ஏதோவொன்றை எழுதிக்கொண்டிருப்பவன். கொழும்புப் பத்திரிகையில் என் எழுத்து முதன்முதலாக வந்த நாளில் அதை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் அதன் மேல் சுண்டக்காய்ச்சிய தேநீர்க் கோப்பையை வைத்தார்.

“கடதாசிக்குக் கரி பூசுறதுக்கும் காசு தாறாங்களோ?”

தரவில்லை என்றேன்.

“அப்ப நல்லது. ஒருத்தனும் உன்னாலை நட்டப்படேல்லை.”

அவ்வளவுதான். அதன் பின் ஒரு வரியும் நான் அவருக்குக் காட்டியதில்லை. நாற்பதைத் தாண்டி, தலையில் வெள்ளி விழுந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான பின்பும் அந்தக் கோப்பையின் வட்டக் கறை என் நெஞ்சில் காயவில்லை… சிரிப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். பசி எந்த வயதில் வந்தாலும் பசிதானே!

லோஞ்சை விட்டு இளைப்பாறிய பின் அவர் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். எழுபது வயது. முதலில் மூச்சு வாங்கியது. பிறகு பாதங்கள் வீங்கின. அதன் பிறகு… சொற்கள் தவறின. சாப்பிட்டதை மறந்தார். சேட்டுப் பொத்தானைத் துளை மாறிப் பூட்டினார். எங்கள் ஊர்த் தெருக்களில் மான்கள் மேய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் படலையடியில் நின்ற மான் கூட்டத்தைப் பார்த்து அவர் கத்தினார்:

“மூதூர் வந்திட்டுது, இறங்குங்கோ! மூட்டையளை விட்டிட்டுப் போகாதேயுங்கோ!”

பிள்ளைகள் சிரித்தார்கள். என் மனைவி தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா, தெரியாது. வயது போய்ப் புத்தி பேதலிப்பதை எங்கள் பக்கத்தில் அறளை பேர்ந்தது என்போம். அயலெல்லாம் அதைத்தான் சொன்னது. தண்டையலுக்கு அறளை பேர்ந்திட்டுது. பாவம்.

பிறகுதான் அது நடந்தது. ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து விறாந்தையில் ஏறினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, கதிரையிலிருந்து எழ முயன்றார். என் முன்னால் எழ முயன்றார்!

“வாங்கோ மாஸ்டர், இருங்கோ. வெயிலுக்கை நடந்தோ வந்தனீங்கள்?”

யாரோ பள்ளிக்கூட ஆசிரியர், எங்கள் வீட்டில் தங்கியிருப்பவர் என்று என்னை எண்ணிக்கொண்டார். திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. அந்தக் குரல்… அவ்வளவு இளகிய குரலை அவர் தொண்டையில் நான் கேட்டதே இல்லை. பெற்ற மகனுக்குக் கொடுக்காத மரியாதையை முகம் தெரியாத மாஸ்டருக்கு அள்ளிக் கொடுத்தார்.

“கையிலை என்ன மாஸ்டர், எழுதினதோ? வாசியுங்கோவன், கேப்பம்.”

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்:

“அந்தக் கடைசித் துண்டைத் திருப்பி வாசியுங்கோ. ஆனா ஒண்டு, மாரிக் கடல் அழாது மாஸ்டர். உறுமும். ‘அழுதது’ எண்டதை எடுத்துப்போடுங்கோ.”

எடுத்தேன். அவர் சொன்னது சரி! வரி எழுந்து நின்றது.

“உங்கட தகப்பன் குடுத்து வைச்சவர்,” என்றார். “என்ர மோனும் எழுதுறவன்தான். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.”

உங்களுக்கு விளங்குகிறதா? நாற்பது வருடப் பசிக்கு முன்னால் ஒரு வாழையிலை விரிக்கப்பட்டது. அதை விரித்தது நோய். எனக்கென்ன, சோறு சோறுதானே என்று நான் குந்திவிட்டேன்.

தவமணிதான் விடவில்லை. “மாமாட காலைப் பாருங்கோ, விரலாலை அமத்தினாப் பள்ளம் விழுது. ஒருக்கா டொக்டரிட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ,” என்று பின்னாலும் முன்னாலும் நின்றாள். வாடகைக் காரில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனேன். நானும் அவரும் மட்டும்.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். கழுத்து நரம்பைப் பார்த்தார். பாதத்தை அமத்தினார். அப்பாவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“இருதயம் களைச்சுப்போச்சுது. தள்ளவேண்டிய அளவு இரத்தத்தைத் தள்ளுதில்லை. அதுதான் காலிலை நீர், அதுதான் மூச்சு முட்டுறது.”

“அறளையும் பேர்ந்திட்டுது டொக்டர்.”

“அறளை எண்டு ஆர் சொன்னது? தலைக்குப் போற இரத்தத்தையும் அந்த இருதயம்தானே அனுப்புது? இங்கை குறைஞ்சா அங்கை மங்கும். எல்லாருக்கும் திரும்பித் தெளியும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா இவருக்குக் கால் வீங்கினதோடைதானே தலையும் குழம்பினது? இருதயத்தைப் பாத்தால் தலை தெளியக்கூடும். நாளைக்கே ஆஸ்பத்திரியிலை விடுங்கோ. உப்பைக் கண்ணிலையும் காட்டாதேயுங்கோ. கருவாடு, ஊறுகாய் ஒண்டும் வேண்டாம்.”

தலை தெளியக்கூடும்… நல்ல மகன் எவனும் அந்தச் சொல்லைக் கேட்டுத் துள்ளியிருப்பான். நான் துள்ளினேனா? இனி மாஸ்டர் போய்விடுவார் என்றுதான் முதலில் நினைத்தேன். வரும் வழியில் காரின் பின் ஆசனத்தில் அவர் என் முழங்காலில் தட்டினார்.

“மாஸ்டர், அந்த உறுமின கடலை இண்டைக்கும் வாசிப்பியளோ?”

வீட்டுப் படலையில் தவமணி நின்றாள். “என்னவாம்?”

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது.

“வயசுதானாம். அறளையாம். நல்லாச் சாப்பிடக் குடுக்கட்டாம்.”

நல்லாச் சாப்பிடக் குடுக்கட்டாம்! அந்த ஒரு வசனத்தை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். பொய் உண்மை போலத் தெரிய ஒரு அன்பான வால் வேண்டியிருந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்ற காலம் அது. கிழங்குக்குத் துணை கருவாடு. தவமணி தன் பங்கையும் எடுத்து மாமாவின் தட்டில் வைத்தாள். சுட்டு, முள் எடுத்து, பிய்த்து, ஊட்டினாள். அவள் கை புனிதமானது. அந்தக் கையால் நான் நஞ்சு ஊட்டுவித்தேன்.

மாரி பிறந்தது. கொட்டியாரக் குடாவில் மகாவலியின் செந்நீர் பரவியது. லோஞ்ச் ஓடாத நாட்களே அதிகம். மழை தகரத்தில் கொட்டும் பின்னேரங்களில் நான் வாசித்தேன், அவர் கேட்டார். என் வாழ்நாளின் மிகச் சிறந்த எழுத்துகள் அந்த மாரியில் பிறந்தவை. நீங்கள் அவற்றைப் பத்திரிகைகளில் படித்திருக்கக்கூடும். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லியிருக்கக்கூடும்… அவற்றை இனிப் படிக்கும்போது உப்புக் கரிக்கட்டும்!

அவர் பாதங்கள் கனத்தன. படுத்தால் மூச்சு முட்டியது. கதிரையில் இருந்தபடியே உறங்கினார். விழித்திருக்கும் பொழுது குறைந்துகொண்டே வந்தது. நான் அதைக் காணவில்லையா? கண்டேன். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். இந்த ஒன்றை வாசித்து முடிப்போம், நாளைக்கு…

கடல் சற்று அடங்கிய ஒரு நாள் காசிம் காக்கா வந்தார். மூதூர்க்காரர்; காக்கா என்றால் அங்கே அண்ணன். அப்பா தண்டையலாய் இருந்த லோஞ்சில் எஞ்சின் பார்த்தவர். குடையை மடக்க முன்னரே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன தண்டையல், ராசா மாதிரிக் கதிரையில இருக்கிறாய்! நான் அங்க எஞ்சினுக்குள்ள கரிச்சட்டியாகிக் கிடக்கிறன்!”

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். “டிக்கட் எடுத்தனீரோ?” என்றார்.

காக்கா சிரித்தார். வெடித்துச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவர் முகம் வேறு முகமாய் இருந்தது. குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டார்.

“தம்பி, இது என்ன காலா, பூசணிக்காயா? டாக்குத்தரிட்டக் காட்டினயா?”

“காட்டினனான் காக்கா. வயசுதானாம்.”

“எந்த டாக்குத்தர் அவன்? கண் தெரியாதவனா?”

தலை குனிந்தேன். இரண்டாவது பொய் முதலாவதைவிட இலேசாய் இருந்தது. அதுதான் பொய்யின் குணம் போலும்.

காக்கா போனபின் அப்பா நெடுநேரம் மழையைப் பார்த்தபடி இருந்தார். நான் கடதாசிகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தேன். அவர் கை உயர்த்தித் தடுத்தார்.

“இண்டைக்கு வேண்டாம் மாஸ்டர். களைப்பாக் கிடக்கு. எங்கட யோகன் எப்ப வருவான்?”

யோகன் நான்தான்.

“ஏன், என்ன வேணும்?”

“அவனட்டை நான் ஒண்டு கதைக்கோணும்.”

கடதாசிகளைக் கீழே வைத்தேன். “என்னட்டைச் சொல்லுங்கோ. நான் அவரிட்டைச் சொல்லிவிடுறன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த மங்கிய கண்ணில் பழைய தண்டையலின் கடுமை மின்னி மறைந்தது.

“சீச்சீ. அது தகப்பன் மகன் கதை. வெளியாளுக்குச் சொல்லேலாது.”

வெளியாள்!

யாரிடமிருந்து யாரைத் திருடிக்கொண்டிருந்தேன் நான்? மாஸ்டரின் கதிரையில் நான் குந்தியிருக்கும் வரை மகனின் கதிரை வெறுமையாய் அல்லவா கிடக்கிறது? எனக்கென்று அவர் பொத்தி வைத்த ஏதோ ஒன்று அந்த நீர் கோத்த நெஞ்சுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறது. மூழ்கடிப்பவன் நான்!

ஒப்புக்கொள்கிறேன், அப்பொழுதும் என்னை எழுப்பியது அவர் மீதான இரக்கம் அல்ல. என் பேராசை. அந்தக் கதை எனக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் எழுந்தேன். மூச்சு முட்டுகிறது என்று மட்டும் தவமணியிடம் சொல்லிவிட்டு, மழைக்குள் ஓடிப்போய்க் கார் பிடித்தேன். தவமணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் எங்கள் தோளில் தொங்கியபடி, ஈரத் தெருவைப் பார்த்து, “கடல் நல்லா ஏறியிருக்கு, மெல்லப் பிடி” என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். நீர் போகும் குளிசை, இருதயத்துக்குக் குளிசை, உப்பில்லாச் சாப்பாடு. அதன் பின் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? பெரும் யுத்தங்களைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு கிழவரின் சிறுநீரைப் பாட நான் இருக்கிறேன்!

போத்தல் நிறைந்தது. தாதி மிஸி அதைக் கொண்டுபோய் அளந்து ஊற்றிவிட்டு வந்து வைத்தாள். மறுபடி நிறைந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த, சல்லிக் கிராமத்து மீனவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்கமாட்டாமல் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, கொட்டியாரக் குடா முழுக்க உங்கட அப்பருக்கைதான் கிடந்திருக்குது போல!”

வார்ட்டே சிரித்தது. மிஸியும் சிரித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தேன், அழுதேன்.

பாதத்தில் முதலில் கணுக்கால் எலும்பு தெரிந்தது. வெள்ளம் வடிய வரம்பு தெரிவதைப் போல! பிறகு நரம்புகள். அவர் சாய்ந்து படுத்தார். பிறகு சமமாய்ப் படுத்தார். குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு அந்தக் குறட்டை நாதஸ்வரமாய் இருந்தது. “இண்டைக்கு என்ன கிழமை?” என்று மிஸியைக் கேட்டார். சொன்னதை அடுத்த நாள் மறக்கவில்லை! “காத்து எந்தப் பக்கம்?” என்று சல்லிக்காரரைக் கேட்டார். அவர் வாடை என்றார். “உது வாடையில்லை, வாடை இப்பிடி யன்னலை அடிக்காது,” என்று சண்டை பிடித்தார். சண்டை! ஓ, அந்த அருமையான சண்டை!

ஒரு காலை. நான் கஞ்சிப் போத்தலோடு உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“டேய் யோகன்!”

நின்றேன்.

“உந்தக் கசங்கின சேட்டோடையோ ஆஸ்பத்திரிக்கு வந்தனி? தாடியை வழிச்சா உனக்கு ஆரும் வரி போடுவாங்களோ?”

நான் வாழ்க்கையில் பெற்ற பாராட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், அந்த வசவை மறு தட்டிலும் வையுங்கள். வசவுதான் கனக்கும்! இருதயம் எழுந்துவிட்டது. எழுந்து, தன் பழைய வலிமையோடு, எட்டாத அந்த மேல்மாடிக்கு இரத்தத்தை ஏற்றிவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாய்… இல்லை, எல்லாமே ஒன்றாய் எரிந்தன. அவர் வந்துவிட்டார்! என்னை மாஸ்டர் என்று அழைத்த நல்ல மனிதர் போய்விட்டார். என்னை டேய் என்று அழைக்கும் என் அப்பா வந்துவிட்டார்!

கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“உப்பில்லை.”

“உப்புக் கூடாதாம் அப்பா.”

“எப்ப தொட்டு?”

கஞ்சி முடியும் வரை பொறுத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “என்னட்டை ஏதோ கதைக்கோணும் எண்டு சொன்னீங்களாம்.”

“நானோ? உன்னோடையோ?” அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. “எனக்கு உன்னோடை என்ன கதை கிடக்கு?”

போய்விட்டது. வடிந்த வெள்ளத்தோடு அதுவும் போய்விட்டது. கோப்பையைக் கழுவ எழுந்தபோது அவரே கூப்பிட்டார்.

“டேய், எங்கட வீட்டிலை ஒரு மாஸ்டர் வந்து நிண்டவரெல்லோ? அவர் எங்கை?”

“அப்பிடி ஒருத்தரும் நிக்கேல்லை அப்பா.”

“அப்ப கனவாக்கும்.” யன்னல் பக்கம் திரும்பினார். “நல்ல மனுசன்.”

மூன்றாவது பொய்.

மாரி கழிந்து வெயில் வந்ததும் அவர் எழுந்து நடந்தார். காசிம் காக்கா இறங்குதுறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நானும் தவமணியும் பிள்ளைகளும் அப்பாவோடு போய் ஏறினோம். லோஞ்ச் நிறைய ஆட்கள்: சந்தைக்கு வந்து திரும்பும் பெண்கள், கோழிக்கூடுகள், மண்ணெண்ணெய்த் தகரங்கள். புதிய தண்டையல் இளைஞன். குடாவின் நடுவில் அவன் சுக்கானை விட்டு ஒதுங்கி நின்றான்.

“பிடிச்சுப் பாக்கிறீங்களோ?”

“பாக்கிறதென்ன, தா இங்கால!”

காக்கா கீழிருந்து கத்தினார்: “தண்டையல், இது மான் கூட்டமில்ல, மனிசர் இருக்கிறாங்க! பாத்து!”

அந்தக் கதை மூதூர் வரை போயிருந்தது. லோஞ்ச் முழுவதும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார்! அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். வெண்மணலைப் போலப் பல் தெரிய, நரைத்த மயிர் காற்றில் எழ, சீனன்குடாப் பக்கமிருந்து ஏறிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போக, அவர் சுக்கானைத் தொட்டார். லோஞ்ச் அவரை அறிந்தது. அலை வந்தது, ஏறினோம். அலை வந்தது, ஏறினோம்! நெஞ்சுக்குள் ஒரு பிடி தசை விடாமல் அடிக்க, அதன் துடிப்பில் ஒரு கிழவர் தன் பெயரையும், தன் கடலையும், தன் கோபத்தையும் திரும்பப் பெற்று நின்றார். காலனே, பார்! மறதியே, பார்! பெற்ற மகனே, நீயும் பார்!

நான் பார்த்தேன்.

அடுத்த கிழமை ஒரு பகலில் என் மீதான வழக்கு வீட்டுக்குள்ளேயே வந்தது. தவமணி பிள்ளைக்குக் காய்ச்சலென்று அதே டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாள். டொக்டர் அப்பாவைப் பற்றி விசாரித்திருக்கிறார். திரும்பி வந்தவள் குசினிக்குள் போய், அடுப்புக்கு மேல் தொங்கிய கருவாட்டுக் கோர்வையை எடுத்து வந்து என் மேசையில், என் கடதாசிகளின் மேல் வைத்தாள்.

“மாரி தொடங்க முன்னமே சொன்னாராம்.”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“என்ர கையாலையெல்லோ குடுத்தனான்…”

“தவம்…”

“எனக்குச் சொல்லாதேயுங்கோ. எனக்கு என்னத்துக்கு? அவரிட்டைச் சொல்லுங்கோ. அவரின்ர தலையைத்தானே களவெடுத்தனீங்கள்.”

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சமைத்தாள், சிரித்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். ஆனால் எங்கள் வீட்டில் மறுபடி கருவாடு சுடப்படவில்லை. அவளும் நான் எழுதியதை மறுபடி வாசிக்கவில்லை.

அப்பா வருடக்கணக்காய் வாழ்ந்தார். உப்பில்லாத சோற்றைத் திட்டித் திட்டித் தின்றார். பத்திரிகையை முழுவதும் படித்து அரசாங்கத்தைத் திட்டினார். பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிழை விட்டால் குட்டினார். எழுபத்தைந்தைக் கடந்த தலையில் ஒரு தூசி இல்லை! ஒரு நாள் துணிந்து கேட்டேன்: “அப்பா, நான் எழுதினது ஒண்டு வாசிக்கட்டே?”

“ஏன், உனக்குக் கண் இருக்குதெல்லோ? உனக்குள்ளையே வாசி.”

நான் மகிழ்ந்தேன். நம்புங்கள், மகிழ்ந்தேன்! அவர் அவராக இருந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் என் வாய் திறந்து மூடியது. இன்றைக்குச் சொல்வேன்… சாப்பிட்டு முடியட்டும்… தூங்கி எழும்பட்டும்… அவர் தெளிவாய் இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. மங்கிய காதுக்குச் சொல்லியிருக்கலாம். இந்தக் கூர்மையான காதுக்கு எப்படிச் சொல்வது?

காசிம் காக்காவின் பேத்திக்குக் கலியாணம் வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, சால்வை போட்டு, தனியே போவேன் என்று நின்றார். அவர் அங்கிருந்து திரும்பவில்லை. கலியாணத்துக்கு அடுத்த நாள், காக்காவின் முற்றத்தில், பழைய புயலொன்றில் லோஞ்சைக் கரைசேர்த்த கதையை ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றது. ஒரு பெயரும் மறக்கவில்லையாம். ஒரு அலையும் பிசகவில்லையாம். கடைசி மூச்சு வரை அவர் தன் புத்தியின் தண்டையல்! இதைவிட வெற்றியாய் ஒருவர் போக முடியுமா?

நான் அவரை உயிரோடு இறுதியாய்ப் பார்த்தது, கலியாணத்துக்குப் புறப்பட்ட அன்று இறங்குதுறையில். அவர் லோஞ்சின் முன்பக்க அணியத்தில் நின்றார். நான் கரையில். எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. தவமணி எனக்குப் பின்னால் நின்றாள். அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது என் பிடரிக்குத் தெரிந்தது.

“அப்பா!”

“என்னடா?”

“அந்த மாரிக்கை… நீங்கள் சுகமில்லாமல் இருக்கேக்கை… டொக்டர் எனக்கு ஒண்டு சொன்னவர். நான்…”

எஞ்சின் இரைந்தது. அவர் காதருகே கையை வைத்துக் குனிந்தார். என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. தெரிந்திருந்ததா அவருக்கு? கேட்டதா? தெளிந்த கண்ணில் எதையும் வாசிக்க எனக்குத் தெரியவில்லை… பிறகு அவர் நிமிர்ந்து, சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, லோஞ்ச் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

“நாலுபேர் நிக்கிற இடத்திலை உதென்ன கதை? வந்து கதைப்பம். கயித்தை அவிட்டு விடடா!”